வானம் பொது, நட்டம் யாருடையது?

மழையை வேண்டாதார் உலகில் இல்லை. உழவனும் வணிகனும், ஆள்வோனும் ஆளப்படுவோனும், கோயிலுக்குச் செல்வோனும் செல்லாதோனும் வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்கின்றனர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானத்துக்குச் சாதியில்லை; சமயமில்லை; முதலாளி, தொழிலாளி என்ற வேற்றுமையும் இல்லை. துரை வாழ்ந்த பங்களாவின் ஓட்டின்மீதும் தொழிலாளி வாழ்ந்த லயத்தின் தகரத்தின்மீதும் ஒரே மழைதான் பெய்தது. இதில் எவருக்கும் ஐயமில்லை.

மழை ஓய்ந்தபின் நட்டக் கணக்கு எழுதும் வேளையிலேதான் ஐயம் தோன்றுகிறது. பெய்த மழை பொதுவாயின் அதனால் விளைந்த நட்டம் மட்டும் ஏன் பொதுவாக இல்லை? பருவம் தவறி விளைவு குறையுமானால் அக்குறையைத் தாங்க வேண்டியவர் யார்? வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் வாளாவிருத்தல் அறமாகுமா? இக்கேள்விகள் தோட்டத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் ஒருங்கே உரியவை. ஆதலின் இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

பருவமும் பாலும்

வட சிலாங்கூரையே எடுத்துக்கொள்வோம். கோல சிலாங்கூர்க் கடற்கரை தொடங்கி பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங், சுங்கை சோ, செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் வரை பரந்து கிடக்கும் இந்நிலத்தில், நம்மவரின் உழைப்பு பல தலைமுறைகளாக முதலில் பால்மரத்துக்கும் பின்னர்ச் செம்பனைக்கும் உரமாயிற்று. இங்கே கிழக்குக் கரையைப் போல ஆண்டிறுதி அடைமழை பெரிதன்று. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலுமே மழை மிகுதி. அது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கூடி வருவது. ஆனால் தென்மேற்குப் பருவ மாதங்களில் மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியுமுன் வந்து மோதும் புயல்மழை ஒன்றுண்டு. 'சுமத்திரா' என்றே அதற்குப் பெயர். பால்மரம் வெட்டுவோருக்கு அம்மழையினும் கொடிய பகை வேறில்லை.

காரணம் எளிது. இரவெல்லாம் நீரை உண்டு விடியற்காலையில் மரத்தின் பாற்குழாய்கள் விம்மி நிற்கின்றன. அவ்வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் தளர்ந்து பால் சுருங்கும். எனவே இத்தொழிலுக்குரிய பொழுது சில நாழிகையே. அந்நாழிகையில் மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் கோட்டு வழியே மங்குக்குச் செல்லாமல் மரமெங்கும் வழிந்தோடும். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுவாயில் பூஞ்சை நோயும் பற்றும். ஆதலால் மழைநாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பாலில்லை. பாலுக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் பாலில்லையேல் கூலியுமில்லை.

இதனினும் வருந்தத்தக்கது வெட்டி முடித்தபின் வரும் மழை. மரமும் வெட்டப்பட்டாயிற்று, உழைப்பும் செலவாயிற்று, மங்கில் சேர்ந்த பாலை மட்டும் மழைநீர் கரைத்துக்கொண்டு போகிறது. ஸ்டோரிலே நிறுத்துப் பார்க்கையில் எஞ்சியது தண்ணீரே. ஆனும் பெண்ணுமாக முந்நூறு, நானூறு மரங்களைச் சுற்றி வந்த கால்களுக்கு அத்தராசில் இடமில்லை.

மழை இல்லாத காலத்திலும் இடர் தீர்வதில்லை. பிப்ரவரி, மார்ச்சு மாத வறட்சியில் பால்மரம் இலையுதிர்க்கிறது. புதிய தளிர் முற்றும்வரை பால் குன்றுகிறது. இவ்வாறு மிகினும் குறையினும் நோய் செய்வதாகப் பருவம் அமைந்துள்ளது. இஃது இயற்கை, இதற்காக யாரையும் நாம் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

விதி என்னும் போர்வை

"மழை பெய்தால் யார் என்ன செய்ய முடியும்? எல்லாம் தலைவிதி" என்று நம் மக்கள் கூறுவதைக் கேட்கிறோம். கூறுவோர் ஏழைகள், அவர்களுக்கு அச்சொல் ஓர் ஆறுதல். ஆனால் அதே சொல்லைக் கணக்கு வைத்திருப்போரும் கூறும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அச்சொல்லில் இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. மழை எவர் செயலும் அன்று என்பது ஒன்று. மழையால் வந்த பட்டினியும் எவர் செயலும் அன்று என்பது மற்றொன்று. முன்னது மெய். பின்னது அதன் நிழலில் ஒதுங்கி நிற்கும் பொய். மழை வானத்திலிருந்து விழுகிறது; அதன் நட்டம் யார் வீட்டு அடுப்பை அணைக்கும் என்பதோ மனிதர் செய்த உடன்படிக்கையிலும், கூலி முறையிலும், சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் மனிதர் என்றால் மாற்றி எழுதவும் மனிதரால் இயலும்.

இதற்குச் சான்று நம் பழைய வரலாற்றிலேயே உண்டு. நம் முன்னோர் பலர் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்தமைக்கு வானம் பொய்த்தது ஒரு காரணம். 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை யாவரும் கேள்விப்பட்டிருப்பர். அப்பஞ்சத்தில் மாண்டோர் அரைக் கோடிக்கு மேற்பட்டவர் என்பர். தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டங் கூட்டமாகச் சென்றோரும் அளவிறந்தவர். மழை பொய்த்தது உண்மையே. ஆயினும் மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே நாட்களில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவு, உழைக்கும் உடலைக் காப்பதற்கே போதாததாக இருந்தது.

பஞ்சம் தணிந்தபின் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 1880ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. வறட்சி வந்தவுடன் முதலில் நிற்பது வயல்வேலை, அதனால் முதலில் விழுபவர் கூலியை நம்பி வாழும் மக்கள் என்று அக்குழுவே கண்டு கூறியது. நூறாண்டு கழித்து, 1981ஆம் ஆண்டில், பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து எழுதிய நூலும் இவ்வுண்மையையே விரித்தது. நாட்டில் உணவு இருந்தும், அதனைப் பெறும் உரிமையும் வழியும் இல்லாதவரே பஞ்சத்தில் மாள்கின்றனர் என்பது அவர் முடிபு. ஆகவே வறட்சி வானம் தந்தது. பஞ்சமோ மனிதர் முறையின் குறையால் வந்தது.

ஒரே வானம், இரண்டு நிலம்

பழங்கதையை விட்டுக் கண்முன் இருக்கும் நிலத்துக்கு வருவோம். கோல சிலாங்கூரிலிருந்து கடற்கரை வழியே வடக்கே சென்றால் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. ஒரு காலத்தில் சதுப்புநிலமாகக் கிடந்த அந்நிலத்துக்கு, 1930களில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தால் பெர்ணம் ஆற்று நீர் கால்வாய் வழியே திருப்பிவிடப்பட்டது. இன்று அங்கே மலாய், ஜாவா, பஞ்சார், சீனக் குடிகள் ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கின்றனர். அவ்வயல்களுக்கும் வறட்சி உண்டு, வெள்ளம் உண்டு. ஆயினும் நீரைத் தேக்கவும் வடிக்கவும் வாய்க்கால் இருப்பதால் வானத்தின் கொடுமை பாதி குறைகிறது. அவ்வாய்க்காலைத் தனியொரு குடியானவன் வெட்டவில்லை, பொதுப்பணம் வெட்டிற்று. பருவத்தின் இடரைப் பொதுவில் தாங்குவது இயலாத காரியம் என்று இனி எவரும் கூறுதற்கில்லை. அங்கு இயன்றது வேறிடத்தில் இயலாதது ஏன் என்பதே நம் கேள்வி.

இனிச் செம்பனையைப் பார்ப்போம். மலேசியாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் பயிரானது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் அதனை நட்டார். பெயரைக் கேட்டாலே அங்கு யார் உழைத்தார் என்பது விளங்கும். இம்மரத்துக்கு ஒரு விந்தையான இயல்புண்டு. பருவத்தின் கடனை இது உடனே தீர்ப்பதில்லை. ஒரு பூங்கொத்து ஆணாவதா பெண்ணாவதா என்பது குலை பழுத்து விழுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்தின் உட்குருத்தில் முடிவாகிறது. வறட்சியில் வாடிய மரம் ஆண் கொத்துகளையே மிகுதியாகத் தள்ளும். ஆண் கொத்தில் குலை ஏது? எனவே இவ்வாண்டு வறட்சிக்குரிய குறை அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் வெளிப்படுகிறது. வறட்சிக் காலத்தில் அத்தோட்டத்தை மிதித்தே அறியாத ஒருவன், பின்னர் வந்து கொக்கியைக் கையிலெடுத்து, குலையற்ற மரங்களை அண்ணாந்து பார்த்து நிற்கிறான். எவர் காலத்து வறட்சிக்கோ அவன் கூலி குறைகிறது.

2015ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சியை அடுத்து நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். அவ்வாண்டில் ஒரு கோடியே 99 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 2016ஆம் ஆண்டில் ஒரு கோடியே 73 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனால் சரக்குக் குறைந்தமையால் ஆண்டின் சராசரி விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக ஏறிற்று. அளவையும் விலையையும் பெருக்கிப் பார்த்தால் மொத்த மதிப்புக் குறையவில்லை. சிறிது கூடியே இருந்தது. எண்ணெயை விற்றவருக்கு வானம் இழைத்த நட்டத்தைச் சந்தை ஈடு செய்தது. குலையின் எடைக்குக் கூலி பெறுவோனுக்கோ தராசில் குறைந்தது குறைந்ததே. ஒரே வறட்சி இருவரையும் தொட்டது. இருவரையும் ஒன்றுபோல் தொடவில்லை.

விலையும் ஒரு வானிலையோ?

சிலர் விலைச் சரிவையும் மழையைப் போன்ற ஒன்றாகவே பேசுவர். "உலகச் சந்தை வீழ்ந்துவிட்டது, நாம் என்ன செய்வது?" என்பர். 1910ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைக் கடந்தது. கம்பெனிகள் பல, போட்ட முதலுக்கும் மேலான இலாபப் பங்கை அள்ளிக் கொடுத்தன. அந்நல்ல பருவம் பால் வெட்டியவனின் கூலியை அதே அளவில் உயர்த்தவில்லை. பின்னர் உலக மந்தம் வந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த தரக்கூலி 1930ஆம் ஆண்டில் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னரும் அது குறைந்தது. பல்லாயிரவர் மீண்டும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

ஏற்றத்தில் பங்கு பெறாதவன் இறக்கத்தில் மட்டும் பங்காளியாக்கப்படுவது எந்த நீதி? நல்ல பருவத்தின் விளைவு உரிமையாளருடையது என்றால் கெட்ட பருவத்தின் குறையும் அவருடையதே. குறையைப் பகிர்ந்துகொள்ளுமாறு தொழிலாளியைக் கேட்டால், நிறைவையும் பகிர்ந்தளிக்கும் கடமை உடன் வருகிறது. இரண்டில் எதனையும் ஏற்கலாம். இரண்டையும் மறுக்க அறத்தில் இடமில்லை.

மறுப்பும் விடையும்

எதிர்த்தரப்பார் கூறுவதையும் செவிகொடுத்துக் கேட்பதே நேர்மை. "விளைவே இல்லாத நாளில் எதிலிருந்து கூலி கொடுப்பது? உழைக்காத நாளுக்குக் கூலி கொடுத்தால் சோம்பல் வளராதா?" என்று அவர்கள் வினவுவர். இவ்வினாக்கள் தள்ளத்தக்கன அல்ல.

முதல் வினாவுக்கு விடை இது. மழை எதிர்பாராத விபத்து அன்று, ஆண்டுதோறும் வருவது. எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை கெடும் என்பதைத் தோட்டத்துக் கிராணியின் பழைய ஏடுகளே ஏறத்தாழச் சொல்லிவிடும். மரத்துக்கு உரம் வைக்கவும் கத்தியும் மங்கும் வாங்கவும் முன்கூட்டியே பணம் ஒதுக்குவோர், மழைநாளுக்கும் ஒதுக்கக் கூடாதா? நிலத்தை உடையவர் ஒரு நாளின் நட்டத்தைப் பத்து ஆண்டுகளின்மேல் பரப்பித் தாங்கலாம். ஒரு தோட்டத்தின் குறையை மற்றொரு தோட்டத்தின் நிறைவால் சரிக்கட்டலாம். அன்றாடக் கூலிக்காரனுக்கோ அந்த ஒரு நாளே உள்ளது. அவன் நட்டத்தை யார்மேல் பரப்புவான்? தன் மனைவியின் தட்டின்மேலும் பிள்ளையின் பள்ளிச் செலவின்மேலும் மளிகைக் கடைக் கடன் சீட்டின்மேலுமே பரப்புவான். நட்டம் நீரைப் போன்றது. தடுப்பார் இல்லையேல் பள்ளத்தை நாடியே ஓடும்.

இரண்டாம் வினாவுக்கும் விடையுண்டு. மழைநாளில் வெட்டுத்தான் இல்லை. வேலையே இல்லையென்று யார் சொன்னார்? வாய்க்கால் சீர்திருத்தல், கருவிகளைச் செப்பனிடல், மழை விட்டபின் களையெடுத்தல் என வேறு வேலை கொடுக்கலாம். மேலும் விடியலுக்கு முன் எழுந்து, பெரட்டுக்கு வந்து, வேலைக்கு ஆயத்தமாக நிற்பவனை உழைக்காதவன் என்று எப்படிக் கூறுவது? அவன் தன் நாளைக் கொடுத்துவிட்டான். அதனைப் பயன்படுத்த இயலாமற்போனது அவன் குற்றமன்று.

இக்கருத்து வெறுங்கனவும் அன்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தன் 16ஆம் பிரிவில், நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், வேலை செய்ய அவன் ஆயத்தமாயிருந்தும் தர இயலாவிடில் அந்நாட்களுக்குரிய கூலியைத் தர வேண்டும் என்று விதித்தது. எடைக்கணக்கில் கூலி பெறுவோருக்கோ நெடுங்காலம் அத்தகைய அடித்தளம் இல்லை. 2013ஆம் ஆண்டில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி பெறுவோரும் மாதத்தில் அதற்குக் குறையாமல் பெறுதல் வேண்டும் என்பது விதி. பல தலைமுறைகள் போராடிக் கேட்ட நீதி ஏட்டில் ஏறியிருக்கிறது. ஏட்டில் ஏறியது கையில் சேர்கிறதா என்று பார்ப்பதே இனி உள்ள வேலை.

ஒன்றைக் கூறாமல் விடலாகாது. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்துத் தானே மரம் வெட்டிப் பிழைக்கும் சிறுதோட்டக்காரனிடம், நட்டத்தை நீயே தாங்கு என்று கூறுதல் முறையன்று. அவனும் அன்றாடங்காய்ச்சியே. அங்கே தாங்க வேண்டியது சமுதாயம் முழுவதும். மழைக்காலத்தில் ரப்பர்ச் சிறுதோட்டக்காரருக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்கிவருவது இக்கருத்தின்பாற்பட்டதே. ஆதலின் நாம் கூறும் நெறி முதலாளியைப் பகைக்கும் நெறியன்று. எவர் தோள் அகன்றதோ அவர் மிகுதியாகச் சுமக்கட்டும் என்பதே அந்நெறி.

இன்று நம் கடமை

காலம் மாறிவிட்டது. சுங்கை சோவில் இன்று கார்த் தொழிற்சாலை நிற்கிறது. லயங்கள் பல மறைந்தன. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. நம் இளைஞர் பட்டணம் புகுந்தனர். எஞ்சிய செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர். நம் பாட்டன் பாட்டி நின்ற அதே இடத்தில், அதே மழையில், வேறு மொழி பேசும் மனிதன் நிற்கிறான். "நமக்கென்ன?" என்று நாம் கேட்போமாயின், அன்று நம்மவரைப் பார்த்து அவ்வாறு கேட்டவர்களைக் குறைகூற நமக்கு வாயேது? நம் துன்பத்திலிருந்து நாம் கற்ற நீதி நமக்கு மட்டும் உரியதென்றால் அது நீதியன்று, தன்னலமே.

பட்டணத்தாருக்கும் இது பொருந்தும். கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் உணவு சுமந்து வரும் இளைஞன், நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன். மழை மிகுந்து சாலை மூழ்கினால் அவனுக்கு நடையில்லை, நடையில்லையேல் வரும்படியில்லை. பால்மரத்தடியில் இருந்த பழைய கணக்கே பட்டணத்துச் சாலைக்குப் புது உடையில் வந்திருக்கிறது. அவனை 'தொழிலாளி' என்று அழைக்காமல் வேறு பெயர் சூட்டிவிட்டால் மழை அவனை நனைக்காது விடுமா?

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிலாங்கூரில் பெருமழை பெய்து ஷா ஆலம் ஸ்ரீ மூடா போன்ற தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தபோது, அரசாங்கப் படகு வருமுன் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கரையேற்றினர். மொழியும் மதமும் பாராமல் சோறு பொங்கிக் கொடுத்தனர். அவ்விரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் இரக்கம் வெள்ளம் வடிந்தவுடன் வடிந்துவிடுவது. முறை என்பது அடுத்த மழைக்கும் நிற்பது. இரக்கத்தை முறையாக மாற்றுவதே அறிவுடைய சமுதாயத்தின் வேலை.

ஆகவே, அன்பர்களே, தோட்டத்தில் இருப்போர் தம் சம்பளச் சீட்டைப் படித்தறியட்டும். மழைநாளுக்குச் சட்டம் தரும் உரிமை யாதென்று கேட்டறியட்டும். படிக்கத் தெரியாத அயல்நாட்டுத் தோழனுக்கும் அதனை எடுத்துரைக்கட்டும். பட்டணத்தில் இருப்போர், தம் மேசைமேல் வரும் எண்ணெயிலும் சோற்றிலும் யாருடைய நட்டம் கலந்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். தலைவிதி என்ற சொல்லை மழைக்கு வேண்டுமானால் விட்டுக்கொடுப்போம்; கூலிக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். வானத்தை நம்மால் திருத்த இயலாது. கணக்கைத் திருத்தலாம். திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விட்டுத் திருத்த முடியாததைப் பழித்துக்கொண்டிருத்தல் அறிவுமன்று, அறமுமன்று.